கிரெடிட் கார்டு சலுகைகள் மாறும்போது: புதிதாக வாங்குவோரும் ஏற்கெனவே வைத்திருப்போரும் செய்ய வேண்டியவை

கிரெடிட் கார்டு வாங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் பலருக்கும் வங்கியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்துவிடுகிறது. "உங்கள் கார்டின் பலன்களில் சில திருத்தங்கள்" என்று தலைப்பிட்டு வரும் அதைப் பெரும்பாலானோர் விளம்பரம் என்று எண்ணித் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறு விட்டதால், இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பாயின்ட்டுகளின் மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தேன். கடிதம் ஒரு மாதத்துக்கு முன்பே வந்து மின்னஞ்சலின் விளம்பரப் பகுதியில் கிடந்தது. அந்த ஒரு மாதத்துக்குள் பாயின்ட்டுகளைப் பயன்படுத்தியிருந்தால் பழைய மதிப்பு முழுவதும் கிடைத்திருக்கும். முதன்முதலாகக் கார்டு வாங்கியிருப்பவர்களுக்கும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் அந்த இழப்பு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ரிவார்டு பாயின்ட் என்பது உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தைப் போன்றது அன்று. அதன் மதிப்பை நிர்ணயிப்பதும் மாற்றுவதும் கார்டு வழங்கும் வங்கியே. கடைக்காரர் ஒவ்வொரு கார்டு விற்பனைக்கும் ஒரு சிறு விழுக்காட்டைக் கட்டணமாகச் செலுத்துகிறார். அதில் ஒரு பகுதி கார்டு வழங்கிய வங்கிக்கு வருகிறது. அதிலிருந்துதான் உங்களுக்குப் பாயின்ட்டோ கேஷ்பேக்கோ கிடைக்கிறது. மின்கட்டணம், எரிபொருள், அரசுக் கட்டணங்கள் போன்றவற்றில் வங்கிக்கு வரும் பங்கு மிகக் குறைவு என்பதால், சலுகைக் குறைப்பு வரும்போது முதலில் வெட்டு விழுவது அவற்றின்மீதுதான். 2023 நவம்பரில் வங்கிகளின் கிரெடிட் கார்டு கடன்களுக்கான இடர் மதிப்பை, அதாவது கடன் திரும்பாமல் போகும் அபாயத்துக்கு ஏற்ப மூலதனம் ஒதுக்கப் பயன்படும் அளவை, ரிசர்வ் வங்கி 125 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடாக உயர்த்தியது. அதனால் அந்தக் கடன்களுக்காக வங்கிகள் ஒதுக்கி வைக்க வேண்டிய மூலதனமும் கூடியது; சலுகைகளை வங்கிகள் இறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் படி: அறிவிப்பை முழுமையாகப் படித்தல்

கடிதம் வந்ததும் நான்கு கேள்விகளுக்கு அதில் விடை தேடுங்கள். மாற்றம் எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது? அது யாருக்குப் பொருந்தும்? எந்தச் செலவுகளைத் தொடுகிறது? ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பாயின்ட்டுகளுக்கு என்ன ஆகும்?

இவற்றில் இரண்டாவது கேள்வியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே பெயருள்ள கார்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகை விதிகள் இருக்கக்கூடும். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு விண்ணப்பிப்பவர்களுக்குப் புதிய விதி உடனே பொருந்தும்; பழைய வாடிக்கையாளர்களுக்கு அது சில மாதங்கள் கழித்தோ, அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் நாளிலிருந்தோ பொருந்தும். ஆகவே, ஐந்து ஆண்டுகளாகக் கார்டு வைத்திருக்கும் அண்ணன் சொல்லும் சலுகை, நேற்று வாங்கிய தம்பிக்குக் கிடைக்காமல் போகலாம். கார்டு உங்கள் பெயருக்கு வழங்கப்பட்ட தேதியையும் ஆண்டுக் கட்டணம் விழும் மாதத்தையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால், எந்த வரி உங்களுக்கானது என்பது தெளிவாகிவிடும்.

வங்கி இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து வழங்கும் கார்டுகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். விஸ்தாரா விமான நிறுவனம் 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அதன் பெயரில் வங்கிகள் வழங்கிவந்த கார்டுகள் புதியவர்களுக்குக் கிடைக்காமல் போயின; ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் கிளப் விஸ்தாரா புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. கார்டு வழங்கிய வங்கி அப்படியே இருந்தும், கூட்டாளி நிறுவனம் மறைந்ததால் கார்டின் அடிப்படையே மாறியது. கூட்டுப் பெயருள்ள கார்டு வாங்குபவர்கள் வங்கியின் அறிவிப்புகளோடு அந்தக் கூட்டாளி நிறுவனத்தின் செய்திகளையும் கவனித்து வர வேண்டியிருக்கிறது.

அறிவிப்புக் காலத்தைப் பற்றி ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கார்டு நெறிமுறைகளின்படி, கட்டணங்களில் மாற்றம் செய்வதாக இருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவித்த பிறகே, வருங்காலச் செலவுகளுக்கு மட்டுமே அதைச் செய்ய முடியும். அந்த மாற்றம் உங்களுக்குப் பாதகமாக இருந்து கார்டைத் திருப்பிக் கொடுக்க விரும்பினால், பாக்கியைச் செலுத்திவிட்டு, மூடுவதற்கென்று கூடுதல் கட்டணம் எதுவுமின்றி வெளியேற உங்களுக்கு உரிமை உண்டு. விதியில் உள்ள சொல் "கட்டணம்" என்பதைக் கவனியுங்கள். பாயின்ட்டுகளின் மதிப்பைப் பொறுத்தவரை, அதை மாற்றும் உரிமையை வங்கிகள் தங்கள் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்துக்கொள்கின்றன. எனவே மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வங்கியின் இணையதளம் ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது. நான் மாதக் கணக்கு அறிக்கையான ஸ்டேட்மென்ட் வரும் நாளையே அதற்கென ஒதுக்கியிருக்கிறேன். ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் அன்றே படித்துவிடுகிறேன்.

இரண்டாம் படி: பாயின்ட்டை ரூபாயாக மாற்றிப் பார்த்தல்

"நான்கு மடங்கு", "பத்து மடங்கு" என்ற சொற்களால் எதுவும் விளங்காது. நூறு ரூபாய் செலவுக்கு எத்தனை ரூபாய் திரும்புகிறது என்பதே ஒரே அளவுகோல்.

ஒரு கார்டு ஒவ்வொரு 150 ரூபாய் செலவுக்கும் 4 பாயின்ட் தருவதாகவும், ஒரு பாயின்ட்டின் மதிப்பு 50 காசு என்றும் வைத்துக்கொள்வோம். 150 ரூபாய்க்கு 2 ரூபாய் கிடைக்கிறது, அதாவது 1.33 விழுக்காடு. ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாய் என்றால், 18 விழுக்காடு ஜிஎஸ்டியோடு சேர்த்து 2,950 ரூபாய் ஆகிறது. அந்தக் கட்டணத்தை ஈடுகட்டவே ஆண்டுக்கு 2,21,250 ரூபாய் செலவழிக்க வேண்டும். இப்போது பாயின்ட்டின் மதிப்பை வங்கி 35 காசாகக் குறைக்கிறது என்றால், அதே கட்டணத்தை ஈடுகட்ட ஏறத்தாழ 3,16,000 ரூபாய் செலவழிக்க வேண்டியிருக்கும். கடிதத்தில் "சிறு திருத்தம்" என்று சொல்லப்படுவது அதே கட்டணத்தை ஈடுகட்ட ஆண்டுக்கு ஏறத்தாழ 95,000 ரூபாய் கூடுதலாகக் கார்டில் செலவழிக்க வேண்டிய நிலையாக வந்து நிற்கிறது.

இந்தக் கணக்கில் எளிதில் கண்ணில் படாத சிலவும் உண்டு. பல கார்டுகளில் பாயின்ட் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. மேலே சொன்ன கார்டில் 149 ரூபாய்க்குக் காய்கறி வாங்கினால் ஒரு பாயின்ட்டும் வராது. 290 ரூபாய்க்கு வாங்கினால் 150 ரூபாய்க்கு உரிய 4 மட்டுமே வரும். அடுத்து, ஒரே பாயின்ட்டுக்கு விமான டிக்கெட் எடுக்கும்போது ஒரு மதிப்பும், பரிசுக் கூப்பனுக்கு ஒரு மதிப்பும், ஸ்டேட்மென்ட்டில் கழித்துக்கொள்ளும்போது மற்றொரு மதிப்பும் இருக்கும். பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதே மிகக் குறைவு. பயன்படுத்தும் ஒவ்வொரு முறைக்கும் 99 ரூபாய் போலத் தனிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பல வங்கிகளில் உண்டு என்பதால், 300 ரூபாய் மதிப்புள்ள பாயின்ட்டுகளை எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணத்திலேயே போய்விடும்.

மாதாந்திர உச்சவரம்பையும் பாருங்கள். எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு இணையச் செலவுகளுக்கு 5 விழுக்காடு தந்துவந்தது. 2023 மே 1 முதல் ஒரு ஸ்டேட்மென்ட் காலத்துக்கான கேஷ்பேக் உச்சவரம்பு 10,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டு, விமான நிலைய லவுஞ்ச் (ஓய்வறை) வசதியும் நீக்கப்பட்டது. மாதம் 15,000 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கும் குடும்பத்துக்கு அந்த உச்சவரம்பு மாற்றத்தால் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை; மாதம் இரண்டு லட்சம் செலவழித்தவருக்குப் பலன் பாதியானது. ஒரே அறிவிப்பு இருவருக்கு இரு வேறு பொருள் தருவதால், ஊரார் புலம்புகிறார்கள் என்பதற்காகக் கார்டைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், எவரும் பேசவில்லை என்பதற்காக நிம்மதியடையவும் வேண்டாம். கடந்த மூன்று மாத ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்து, புதிய விதியை அவற்றின்மேல் பொருத்திப் பாருங்கள்.

எத்தனை பெரிய வீழ்ச்சி நேரக்கூடும் என்பதற்கு ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டைச் சொல்லலாம். ஒரு மாதத்தில் ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால், 200 ரூபாய்க்கு 12 பாயின்ட் வீதம் கிடைக்கும் 6,000 பாயின்ட்டுகளோடு, 25,000 பாயின்ட் கூடுதலாக வந்துகொண்டிருந்தது. அவற்றை ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் விமான மைல்களாக (விமான நிறுவனங்களின் டிக்கெட்டுக்குப் பயன்படும் புள்ளிகளாக) மாற்ற முடிந்தது. அதாவது 31,000 பாயின்ட் 24,800 மைல்களாயின. 2023 செப்டம்பர் 1 முதல் அந்த மாதாந்திரக் கூடுதல் நிறுத்தப்பட்டது. மாற்று விகிதம் ஐந்துக்கு இரண்டாகக் குறைந்தது. ஆண்டுக் கட்டணமும் 10,000 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயானது. அதன்பின் அதே ஒரு லட்ச ரூபாய்ச் செலவுக்குக் கிடைத்தது 6,000 பாயின்ட், அதாவது 2,400 மைல்கள். பத்தில் ஒரு பங்கு. புதிய விகிதம் வருவதற்குள் தங்கள் பாயின்ட்டுகளை மாற்றிக்கொண்டவர்கள் பழைய மதிப்பைப் பெற்றார்கள். பெரிய பயணம் ஒன்றுக்காகச் சேர்த்துக்கொண்டே போனவர்களின் இருப்பு அன்றே பாதியானது. பாயின்ட்டுக்கு வட்டி கிடையாது. நாளாக ஆக அதன் மதிப்பு ஏறுவதும் இல்லை. ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தும் திட்டம் இல்லாத பாயின்ட்டைச் சேர்த்து வைக்காதீர்கள் என்றே நான் யாருக்கும் சொல்வேன்.

மூன்றாம் படி: விலக்குப் பட்டியலைச் சரிபார்த்தல்

பாயின்ட் கிடைக்காத செலவுகளின் பட்டியலே விலக்குப் பட்டியல். ஒவ்வொரு கடைக்கும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்பில் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. மளிகைக் கடைக்கு 5411, பெட்ரோல் பங்க்குக்கு 5541, மின்சாரம், குடிநீர் போன்றவற்றுக்கு 4900, வாடகை போன்ற வீட்டுமனைச் சேவைகளுக்கு 6513 என்று அது போகும். நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. எந்தக் குறியீட்டில் பணம் போனது என்பதே தெரியும். பாயின்ட் உண்டா இல்லையா என்பதை அந்த நான்கு இலக்கங்களே முடிவு செய்கின்றன.

இதைக் கண்ணெதிரே கண்ட சம்பவம் ஒன்று உண்டு. என்னுடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர், முதன்முதலில் வாங்கிய கார்டில் மகளின் பள்ளிக் கட்டணம் 42,000 ரூபாயைக் கைபேசிச் செயலி ஒன்றின் வழியாகச் செலுத்தியிருந்தார். ஸ்டேட்மென்ட் வந்ததும் அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் பார்த்தோம். காபிக் கடைக்கு எதிரே பாயின்ட் இருந்தது, மருந்துக் கடைக்கு எதிரே இருந்தது, பள்ளிக் கட்டணத்துக்கு எதிரே சுழி நின்றது. அதற்குக் கீழே ஒரு விழுக்காடு கட்டணமாக 420 ரூபாயும், அதற்கான ஜிஎஸ்டி 75 ரூபாய் 60 காசும் தனி வரிகளாக இருந்தன. இரண்டு மாதங்களுக்கு முன் வந்த திருத்த அறிவிப்பை அவர் படித்திருக்கவில்லை.

பல வங்கிகள் அண்மை ஆண்டுகளில் இதே திசையில்தான் நகர்ந்துள்ளன. எச்டிஎஃப்சி வங்கி 2024 செப்டம்பர் 1 முதல், வெளிச் செயலிகள் வழியாகச் செலுத்தும் கல்விக் கட்டணங்களுக்குப் பாயின்ட் வழங்குவதை நிறுத்தியது. பள்ளி, கல்லூரிகளின் சொந்த இணையதளத்திலோ அங்குள்ள கார்டு இயந்திரத்திலோ செலுத்தினால் பாயின்ட் உண்டு. ஆகவே கட்டணம் பெரியதாக இருக்கும்போது எந்த வழியாகச் செலுத்துகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். எரிபொருளில் ஒரு குழப்பம் உண்டு: கூடுதல் கட்டணத் தள்ளுபடி என்பது பாயின்ட் அன்று, உங்களிடம் பிடித்த ஒரு விழுக்காட்டைத் திருப்பித் தருவது மட்டுமே, அதன்மேல் விழுந்த ஜிஎஸ்டி பொதுவாகத் திரும்பி வராது.

லவுஞ்ச் வசதியிலும் விதிகள் இறுகியுள்ளன. ஐசிஐசிஐ வங்கி தன் கார்டுகள் பலவற்றுக்கு 2024 ஏப்ரல் 1 முதல், முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருக்க வேண்டும் என்றது; அதே ஆண்டு நவம்பர் 15 முதல் அந்த அளவு 75,000 ரூபாயானது. "முந்தைய காலாண்டு" என்ற சொல்லை ஊன்றிப் படியுங்கள். மே மாதம் சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறப்பவர் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் அந்தச் செலவைச் செய்திருக்க வேண்டும். ஏப்ரலில் செய்தது அப்பயணத்துக்கு உதவாது. வாடகை போன்ற விலக்குச் செலவுகள் இந்த இலக்கில் சேருமா என்பதையும் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காம் படி: முடிவெடுத்தல்

ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்கள், கணக்கைப் போட்ட பிறகும் கட்டணத்தைவிடப் பலன் கூடுதலாக இருந்தால் அப்படியே தொடரலாம். பலன் குறைவாக இருந்தால், மூடுவதற்கு முன் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, கட்டணமில்லாத கார்டுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். பழைய கார்டை மூடினால் உங்கள் மொத்தக் கடன் வரம்பு குறைந்து, கடனை ஒழுங்காகக் கையாள்வதைக் காட்டும் மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோர் சற்றுச் சரியக்கூடும். ஓரிரு மாதங்களில் வீட்டுக் கடன் எடுக்கவிருப்பவர்கள் இதைக் கட்டாயம் கருத வேண்டும். வங்கியே முன்வந்து உங்கள் கார்டை உயர்ரக கார்டாக மாற்ற விரும்பினாலும், உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்ய விதி இடம் தரவில்லை.

மூடுவதென்று தீர்மானித்தால் வரிசை முக்கியம். முதலில் பாயின்ட்டுகளைப் பயன்படுத்திவிடுங்கள். மூடிய பிறகு அவை போய்விடும். பிறகு அந்தக் கார்டிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகும் சந்தாக்கள், காப்பீட்டுப் பிரீமியம் போன்றவற்றை வேறு கார்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ மாற்றுங்கள். அடுத்து பாக்கியை, இன்னும் ஸ்டேட்மென்ட்டில் ஏறாத செலவுகளையும் சேர்த்து, முழுவதும் செலுத்துங்கள். கடைசியாக மூடும் கோரிக்கையை எழுத்து வடிவில் கொடுத்து, கோரிக்கை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி இல்லாத நிலையில் ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி கார்டை மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பலருக்கு இது தெரிவதில்லை.

புதிதாக வாங்குபவர்கள், விற்பனைப் பிரதிநிதி சொல்வதைவிட வங்கியின் தளத்தில் உள்ள "மிக முக்கிய நிபந்தனைகள்" என்ற ஆவணத்தை நம்புங்கள். அதன் தேதியைப் பார்த்து, ஒரு பிரதியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் என்ன மாறியது என்பதை ஒப்பிட அது உதவும். முதல் ஆண்டுக்கு மட்டும் உரிய வரவேற்புப் பலனைக் கழித்துவிட்டு, இரண்டாம் ஆண்டிலும் இந்தக் கார்டு நமக்குப் பயன்படுமா என்று கணக்கிடுங்கள். முதல் கார்டாக, ஆண்டுக் கட்டணம் இல்லாத, நேரடியாகக் கேஷ்பேக் தரும் ஒன்றை எடுப்பதே என் பரிந்துரை; மதிப்பு ரூபாயிலேயே சொல்லப்படுவதால், எது குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பாக்கியை ஒவ்வொரு மாதமும் முழுமையாகச் செலுத்துபவருக்கே பாயின்ட் என்ற பேச்சுக்குப் பொருள் உண்டு. மாதம் 3.5 விழுக்காடு வட்டியில் 20,000 ரூபாயை ஒரே ஒரு மாதம் தள்ளிவைத்தால், வட்டியும் ஜிஎஸ்டியுமாக 826 ரூபாய் போகும். ஒரு விழுக்காடு கேஷ்பேக்கில் அதை மீட்க 82,600 ரூபாய் செலவழிக்க வேண்டும்.

போலி அறிவிப்புகளும் புகாரும்

உண்மையான திருத்த அறிவிப்புகள் பெருகியிருப்பதாலேயே மோசடிக்காரர்களும் அதே மொழியில் எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் கைபேசியில் அத்தகைய செய்தியைப் பார்த்தேன்: அவருடைய பாயின்ட்டுகள் அன்றிரவு காலாவதியாகின்றன என்றும், கீழேயுள்ள கோப்பை நிறுவினால் பணமாகக் கிடைக்கும் என்றும் அதில் இருந்தது. அவர் வைத்திருந்த கார்டின் பெயர்கூட அதில் சரியாக இல்லை. அறிவிப்பில் உள்ள இணைப்பை ஒருபோதும் தொடாதீர்கள். வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாயின்ட் இருப்பைப் பாருங்கள். பாயின்ட்டைத் தருவதற்காக எந்த வங்கி ஊழியரும் தொலைபேசியில் ஓடிபி கேட்க மாட்டார். ஏமாந்துவிட்டால் தயங்காமல், முடிந்தால் அந்த நிமிடமே, இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க வேகமே துணை.

வங்கியோடு பிணக்கு வந்தால், முதலில் வங்கிக்கே எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய தேதியில் செய்த செலவுக்குப் புதிய விதியைப் பொருத்தியிருந்தால், செலவின் தேதி, அறிவிப்பின் பிரதி, நீங்கள் தரவிறக்கி வைத்த நிபந்தனைகள் ஆகிய மூன்றையும் புகாரோடு இணையுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் அதன் புகார் இணையதளம் வழியாக முறையிடலாம். அதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. எப்படிப் பதிவு செய்வது என்ற ஐயம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற உதவி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.